வில்லனின் உடம்பில் ஒரு வாசகர்

தனக்குப் பிடித்த கதைக்குள்ளேயே போய் விழும் வாசகர், அங்கே எல்லாரும் வெறுக்கும் வில்லனாகக் கண் விழிக்கிறார். ஜப்பானிலும் சீனாவிலும் கொரியாவிலும் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரே தொடக்கத்திலிருந்து நாவல்கள் பெருகி வருகின்றன. ஆங்கிலத்திலும் பெரிய பதிப்பகங்கள் இப்போது இவற்றை வெளியிடுகின்றன. நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளில் பலர் கைப்பேசியில் விடிய விடியப் படிப்பதும் இவற்றைத்தான். பெரியவர்கள், அதிலும் இலக்கியம் அறிந்தவர்கள், ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் இவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வாழ்க்கையைச் சந்திக்கத் துணிவில்லாதவர்களின் புகலிடம் என்கிறார்கள். தீமைக்கு அரிதாரம் பூசும் வேலை என்கிறார்கள். நடக்கப்போவது எல்லாம் தனக்குத் தெரியும் என்ற சோம்பேறிக் கனவுக்குத் தீனி என்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் அடியோடு மறுக்கிறேன். யாரை வெறுக்கலாம், யார் செத்தால் மகிழலாம் என்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டே நாம் முடிவு செய்கிறோம். அந்த முடிவு யார் தலையில் போய் விழுகிறதோ, அவருடைய இடத்தில் நம்மையே கொண்டுபோய் நிறுத்துகிறது இந்த வடிவம். வாசிப்பவரை இவ்வளவு கடுமையாகக் கேள்வி கேட்கும் வேறொரு வெகுஜன வடிவத்தை நான் கண்டதில்லை.

தப்பித்தல் என்ற குற்றச்சாட்டை முதலில் பார்ப்போம். அயர்லாந்து எழுத்தாளர் சாரா ரீஸ் பிரென்னன் எழுதி 2024-இல் வெளிவந்த ‘லாங் லிவ் ஈவில்’ நாவலில், ரே என்ற இளம்பெண் புற்றுநோயால் மருத்துவமனைப் படுக்கையில் செத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தங்கைக்கு உயிரான மிகுபுனைவுத் தொடர் ஒன்று உண்டு. அக்காவும் தங்கையும் சேர்ந்து ரசித்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து பேரம் பேசுகிறாள்: அந்தக் கதைக்குள் போய் ஒரு மலரைக் கைப்பற்றினால் நோய் தீர்ந்து வீடு திரும்பலாம். ரே சம்மதிக்கிறாள். கண் விழிக்கும்போது கதையின் வில்லி ராஹேலாவின் உடம்பில் இருக்கிறாள். மறுநாள் ராஹேலாவுக்கு மரண தண்டனை.

இதிலே தப்பித்தல் எங்கே இருக்கிறது? மரணப் படுக்கையிலிருந்து கொலைக்களத்துக்கு வந்திருக்கிறாள். கதைகள் தரும் விடுதலைக்காக வாதாடிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீன், சிறையிலிருந்து ஒருவன் வெளியேற நினைப்பதையும் போர்க்களத்திலிருந்து ஒருவன் ஓடிப்போவதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்று 1939-ஆம் ஆண்டு உரையிலிருந்து உருவான கட்டுரையொன்றில் சொன்னார். நல்ல வாதம். ஆனால் ரேயின் விஷயத்தில் அந்த வாதமே தேவைப்படவில்லை, ஏனென்றால் அவள் சிறையை விட்டு வெளியே வரவே இல்லை.

அவளுக்குக் கிடைத்தது வேறொன்று: கோபப்பட அனுமதி. நோயாளியிடம் நாம் என்னென்ன எதிர்பார்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே பத்து நிமிடம் உட்காருகிறோம். நோயாளி லேசாகப் புன்னகைக்க வேண்டும், “பரவாயில்லை” என்று சொல்ல வேண்டும், நம்மைச் சங்கடப்படுத்தாமல் வழியனுப்ப வேண்டும். அழுதால் பதறுகிறோம். எரிந்து விழுந்தால் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. பொறுமையின் திருவுருவமாக இருப்பதுதான் நோயாளிக்கு நாம் எழுதிக் கொடுத்திருக்கும் பாத்திரம். அதை நெடுங்காலம் நடித்துக் களைத்தவள், ஆசையையும் ஆத்திரத்தையும் மறைக்க வேண்டாத ஒரு பாத்திரத்துக்குள் நுழைகிறாள். பிரென்னன் கடுமையான புற்றுநோய்ச் சிகிச்சையைக் கடந்து வந்தவர். அந்தக் கோபம் அவர் எழுத்தில் சுடுகிறது. இதைக் கோழைத்தனம் என்பவர்கள் எந்தத் துணிவை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தீமைக்கு அரிதாரம் பூசுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. அதைச் சொல்பவர்கள் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பழைய கதையின் வில்லனை எடுத்து, அவன்மேல் சுமத்தப்பட்டது அநியாயம் என்று நிறுவுவது ஒரு காரியம். கிரெகரி மக்வயர் 1995-இல் ‘விக்கெட்’ நாவலில் ஆஸ் நாட்டுச் சூனியக்காரிக்குச் செய்தது அது. 2014-இல் வந்த ‘மலெஃபிசென்ட்’ திரைப்படமும் அந்த வழியில் போனதுதான். நமக்கு இது புதிதே இல்லை. புலவர் குழந்தை 1946-இல் ‘இராவண காவியம்’ எழுதினார். 1948-இல் அரசு தடை செய்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. இராவணன் தீயவன் என்று சொன்னவர்களின் நோக்கம் என்ன என்று கேட்ட காவியம் அது. அதற்கு அரசியல் வலிமை உண்டு, மதிக்கிறேன். ஆனால் அங்கே வழக்கறிஞர் வாதாடுகிறார், தரப்பு கைமாறுகிறது. வாசகர் பழையபடி தீர்ப்புச் சொல்லும் ஆசனத்தில் சௌகரியமாகவே உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது நாம் பேசும் நாவல்களில் வில்லன் செய்தது செய்ததுதான், எந்த வாதத்தாலும் அழியாது. சீன எழுத்தாளர் மோ ஷியாங் தோங் ஷியூவின் ‘தி ஸ்கம் வில்லன்ஸ் செல்ஃப்-சேவிங் சிஸ்டம்’ 2014-இல் இணையத் தொடராக வெளிவரத் தொடங்கியது. அதில் ஷென் யுவான் என்ற இளைஞன், ஒரு மகா நீளமான சாகசத் தொடரைக் காசு கொடுத்துப் படித்து, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஆசிரியரைத் திட்டித் தீர்க்கிறான். திட்டிக்கொண்டே இறந்தும் போகிறான். கண் விழித்தால், கதையின் கேடுகெட்ட குருவான ஷென் சிங்சியூவின் உடம்பில் இருக்கிறான். இந்தக் குரு, தன்னிடம் சீடனாக வந்த அநாதைச் சிறுவன் லுவோ பிங்ஹேயின் தலையில் சூடான தேநீரை ஊற்றியவன். பயிற்சிக்குப் பொய்யான நூலைக் கொடுத்தவன். அடித்து விறகுக் கொட்டகையில் போட்டவன். அந்தச் சிறுவன்தான் மூலக்கதையின் நாயகன். பெரியவனாகி, குருவின் கைகால்களைப் பிடுங்கி, உயிர் மட்டும் மிஞ்சிய முண்டமாக ஆக்கிவிடுகிறான். மூலத் தொடரின் வாசகர்களுக்கு அது கொண்டாட்டம்.

ஷென் யுவான் வந்து சேரும்போது கொடுமை பாதி நடந்து முடிந்திருக்கிறது. அடித்த கை இப்போது இவனுடைய கை. அறைக்குள் அழைத்தாலே அந்தப் பையன் உடம்பு இறுகி நிற்கிறான். “நான் வேறு ஆள், நான் செய்யவில்லை” என்று இவனால் யாரிடமும் சொல்ல முடியாது. கதையை இயக்கும் அமைப்பு ஒன்று மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, பாத்திரத்தின் குணத்தை மீறினால் மதிப்பெண்ணைக் குறைப்பேன் என்று மிரட்டுகிறது. தொடக்கத்தில் இவன் நினைத்தபடி அன்பாக நடந்துகொள்ளக்கூட அனுமதி கிடையாது. பிறர் செய்த குற்றத்தின் வாரிசாக, தண்டனை முன்பே எழுதப்பட்ட உடம்புக்குள் ஒருவன் நிற்கிறான். கவர்ச்சி எங்கே இருக்கிறது இதில்?

இந்த நாவலில் ஓரிடம் இருக்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். கதைப்படி, நாயகனைக் குரு அடியில்லாப் பாதாளத்தில் தள்ள வேண்டும். அங்கே அவன் சொல்ல முடியாத சித்திரவதைகளை அனுபவித்து, பெரும் பலத்தோடு திரும்பி வருவான். ஷென் யுவான் இதை வாசகனாகப் பலமுறை ஏற்றுக்கொண்டவன்தான். நாயகன் துன்பப்பட்டால்தானே உயருவான்? எல்லா சாகசக் கதைகளையும் நாம் அப்படித்தான் படிக்கிறோம். தாய் இறக்க வேண்டும், ஊர் எரிய வேண்டும், நண்பன் காட்டிக்கொடுக்க வேண்டும். அடுத்த பாகத்தில் பழிதீர்ப்பு இனிக்கும். ஆனால் இப்போது அந்தப் பையன் அவன் கண் முன்னே நிற்கிறான். இடையில் கழிந்த ஆண்டுகளில் இவன் கையால் மருந்து வாங்கியவன், இவனுக்குச் சமைத்துப் போட்டவன், இவனைக் கடவுளாக நம்புகிறவன். தள்ளாவிட்டால் தன் உயிர் போகும் என்கிறது அமைப்பு. தள்ளிவிடுகிறான்.

இந்தத் துன்பம் அவனை வளர்க்கும் என்று பக்கத்துக்கு வெளியே உட்கார்ந்து சொல்வது எளிது. தள்ளும் கை நம்முடையதாக ஆகும்போது அந்தச் சமாதானத்தின் அசிங்கம் தெரிகிறது. தீமையை அழகாக்கும் எழுத்து என்று இதைச் சொல்பவர், அந்த அத்தியாயத்தை ஒருமுறை படித்துவிட்டு வந்து பேசட்டும். குருவும் சீடனும் பின்னால் காதலர்களாகும் பகுதிகளில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. ஆண்கள் இருவர் காதலிப்பதால் அல்ல, இறுதியில் ஒருவர் வலியை மற்றவர் தாங்கிக்கொள்வதே அன்பு என்பதுபோல எழுதப்பட்டிருப்பதால். அதைப் பற்றி விவாதிக்கலாம். பாதாளக் காட்சியின் நேர்மையை அது குறைத்துவிடாது.

அதே நாவலில் இன்னொரு கூர்மை. ஷென் யுவான் திட்டித் தீர்த்த மூலத்தொடரின் ஆசிரியரும் அதே கதைக்குள் வந்து மாட்டிக்கொள்கிறார். ஷாங் சிங்ஹுவா என்ற சில்லறைத் துரோகியின் உடம்பு அவருக்கு. அவர் வாயிலாக ஒரு செய்தி வெளிவருகிறது: குரு ஏன் அவ்வளவு கொடியவனானான் என்பதற்கு ஆழமான முன்கதை ஒன்று யோசித்து வைத்திருந்தாராம், எழுதவில்லை. காசு கொடுத்துப் படிப்பவர்களுக்கு வில்லனின் துயரம் வேண்டாம், அவன் முகத்தில் விழும் அடிதான் வேண்டும். சீனாவில் 2003 முதல் பெரிய இணையத்தளங்கள் அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கத் தொடங்கின. ஆசிரியர் நாள்தோறும் ஆயிரக்கணக்கான சொற்களை எழுதிப் போட வேண்டும். வாசகருக்குச் சலித்தால் அன்றே வருமானம் விழும். அந்தச் சந்தையில் ஒரு கதைமாந்தரின் பாதி வாழ்க்கை எப்படிக் காணாமல் போகிறது என்பதை, அந்தச் சந்தைக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்த ஒருவர் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியிருக்கிறார். வில்லன் யார்? இவனைப் பற்றி இனிமேல் எதுவும் கேட்க வேண்டாம் என்று எழுதுபவரும் படிப்பவரும் சேர்ந்து முடிவு கட்டிய ஆள். நம் வாரப் பத்திரிகைத் தொடர்களின் வரலாறு தெரிந்த எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது.

முன்கூட்டியே எல்லாம் தெரிந்தவராகத் தன்னை நினைத்துக்கொள்ளும் ஆசைக்குத் தீனி என்ற மூன்றாவது குற்றச்சாட்டைச் சொல்பவர்கள், இந்த நாவல்களை முதல் அத்தியாயத்துக்குமேல் படிக்கவில்லை என்பது உறுதி. இவற்றில் முன்னறிவு பெரும்பாலும் தோற்கத்தான் செய்கிறது. ஜப்பானிய எழுத்தாளர் சடோரு யமாகுச்சியின் ‘மை நெக்ஸ்ட் லைஃப் அஸ் எ வில்லனஸ்’ தொடரில் கட்டாரினா கிளேஸ் என்ற எட்டு வயதுப் பிரபு வீட்டுச் சிறுமிக்கு, தலையில் அடிபட்டதும் முற்பிறவி நினைவு வருகிறது. தான் விளையாடிய ‘ஃபார்ச்சூன் லவர்’ என்ற காதல் விளையாட்டின் வில்லியாகத் தான் பிறந்திருப்பது தெரிகிறது. எந்த முடிவானாலும் அவளுக்கு நாடு கடத்தல் அல்லது சாவு. நாடு கடத்தினால் பிழைத்துக்கொள்ள வேண்டுமே என்று தோட்டம் போட்டு மண்ணைக் கொத்துகிறாள். தனக்கு நிச்சயிக்கப்பட்ட இளவரசனுக்குப் பாம்பென்றால் பயம் என்று பொம்மைப் பாம்புகள் செய்து வைக்கிறாள். இந்த ஆயத்தம் எதுவும் அவளைக் காப்பாற்றுவதில்லை.

காப்பாற்றுவது வேறு. தத்துத் தம்பியாக வந்த கீத், விளையாட்டின்படி அவளால் கொடுமைப்படுத்தப்பட்டுத் தனிமையில் வாடிப் பெண்பித்தனாகப் போகிறவன். அவன் தனிமைப்படாமல் பார்த்துக்கொண்டால் தனக்கு ஆபத்தில்லை என்று கணக்குப் போடுகிறாள். சுயநலக் கணக்குதான். ஆனால் தன் மந்திரத்தால் அவளுக்குக் காயம்பட்டுவிட்டதே என்று அந்தப் பையன் அறைக்குள் பூட்டிக்கொண்டபோது, கட்டாரினா கோடரியை எடுத்துவந்து கதவை வெட்டிப் பிளந்து உள்ளே போகிறாள். விளையாட்டில் கீத் ஒரு வகைமாதிரி, நான்கைந்து வரியில் அடங்குகிற குணச்சித்திரம். பிளந்த கதவுக்குப் பின்னால் இருந்தவன் பயந்துபோன ஒரு குழந்தை. அந்த வித்தியாசத்தை அவளுடைய முன்னறிவு சொல்லித் தரவில்லை. அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் சுற்றியிருப்பவர்கள் எல்லாம் தன்னை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதை அவளால் கண்டுகொள்ள முடிவதில்லை. விளையாட்டின் வரைபடம் கண்ணை மறைக்கிறது. ஷென் யுவானும் அப்படியே. நாயகன் பெண்கள் பின்னால் போகும் சக்கரவர்த்தியாவான் என்று அவன் படித்திருக்கிறான். கண்ணெதிரே அந்தப் பையன் தன்னையே சுற்றிவருவது தெரிய அவனுக்கு மூன்று பாகம் பிடிக்கிறது. ரேயின் நிலைமை இன்னும் மோசம். கதை தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையே அவள் காலை வாருகிறது. எப்படி என்று சொல்லிவிட்டால் இனிமேல் படிப்பவர்களுக்குச் சுவை போய்விடும்.

ஜப்பானிய வில்லிக் கதைகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். பட்டமளிப்பு விருந்து, விளக்குகள், இசை. மேடையில் இளவரசன், அவன் தோளில் சாய்ந்தபடி எளிய குடும்பத்து நாயகி. கீழே, நிச்சயிக்கப்பட்ட பெண் தனியாக. இசை நிற்கிறது. அவள் குற்றங்கள் வாசிக்கப்படுகின்றன, நிச்சயம் முறிகிறது, நாடு கடத்தல் அறிவிக்கப்படுகிறது. நேற்றுவரை அவளைச் சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்கிறார்கள். இந்த வகையைக் கூர்ந்து கவனித்தவர்கள் ஓர் உண்மையைச் சொல்வார்கள்: அசல் காதல் விளையாட்டுகளில் இப்படிப்பட்ட வில்லி மிக அரிது. எங்கும் அதிகம் இல்லாத ஒரு பாத்திரத்தை இந்த நாவலாசிரியைகள் தாங்களாகவே உருவாக்கி, அவளைப் பொதுவிசாரணை மேடைக்கு எதிரே நிறுத்தி, வாசகியை அவள் உடம்புக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணைக் கூட்டம் கூடி அவமானப்படுத்தும் காட்சியை அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற தேவை, லட்சக்கணக்கான இளம்பெண்களுக்கு ஏன் வந்தது? பிள்ளைகளின் ரசனையைக் குறை சொல்பவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது. சத்தமாகப் பேசினாள், ஆசைப்பட்டாள், பொறாமைப்பட்டாள் என்பதற்காக உறவுக்கூட்டத்தின் நடுவே நிறுத்தி விசாரிக்கப்பட்ட பெண்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

எல்லாம் ஒரே வார்ப்பு என்று சிலர் சொல்வார்கள். ஆமாம், குப்பை நிறைய இருக்கிறது. ஒரு நாவலுக்கும் இன்னொன்றுக்கும் பெயர் மட்டுமே வேறாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். துப்பறியும் கதைக்கும் வார்ப்பு உண்டு, தலபுராணத்துக்கும் உண்டு. வார்ப்புக்குள் என்ன ஊற்றினார்கள் என்று பார்ப்பதுதான் விமரிசகரின் வேலை.

இந்த வகையின்மீது வைக்கத்தக்க மெய்யான குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. நான் மறுக்கும் தரப்பினர் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. வாசகர் வந்து குடியேறிய பிறகு, அந்த உடம்பின் பழைய சொந்தக்காரர் எங்கே போனார்? நல்ல மனசுள்ள ஒருவர் வந்து, அந்தப் பெயரோடு, அந்த முகத்தோடு, எல்லாருடைய அன்பையும் பெற்றுக்கொள்கிறார். வில்லன் திருந்தவில்லை, மன்னிக்கப்படவில்லை, ஆளையே மாற்றிவிட்டார்கள். கெட்டவனுக்கு மீட்பு உண்டு என்று இந்தக் கதைகள் சொல்வதாக நினைத்தால், அவற்றில் பெரும்பாலானவை அதைச் சொல்லவில்லை. கெட்டவன் இல்லாமல் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் சொல்கின்றன. இது கடுமையான குறை. என்னால் இதை மறுக்க முடியாது, மறுக்கவும் விரும்பவில்லை.

ஆனால் மோ ஷியாங் தோங் ஷியூ இந்தக் குறையைத் தானே கண்டுகொண்டார். முதன்மைக் கதை முடிந்த பிறகு வரும் இணைப்புக் கதைகளில் அசல் ஷென் சிங்சியூவின் வாழ்க்கையைத் தனியாக எழுதியிருக்கிறார். அடிமையாக விற்கப்பட்ட சிறுவன் அவன். கூட வளர்ந்த அண்ணன் போன்றவன் தப்பிப் போய், “திரும்பி வந்து உன்னை மீட்பேன்” என்று வாக்குக் கொடுக்கிறான். குறித்த காலத்தில் அவனால் வர முடியவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் எரிந்து முடிந்திருக்கிறது. தம்பி அதற்குள் அன்பு காட்டும் எதையும் கண்டு பல்லைக் கடிக்கும் மனிதனாகிவிட்டான்; தான் பெறாத பரிவைப் பெறும் ஒரு சிறுவனைக் கண்டால் தலையில் தேநீரை ஊற்றுகிறான். ஆசிரியர் அவனைப் புனிதனாக்கவில்லை, அவன் செய்த எதையும் கழித்துக் காட்டவும் இல்லை. அந்த அண்ணன்தான் இப்போது அவர்களுடைய மடத்தின் தலைவன் யூ சிங்யுவான். தான் வராமல் போனதற்கான காரணத்தை அவன் கடைசிவரை தம்பியிடம் சொன்னதே இல்லை. முதன்மைக் கதை முழுவதும் அவன் குற்ற உணர்வோடு கனிவு காட்டிக்கொண்டிருப்பது, அந்த உடம்பில் வந்து தங்கிய முற்றிலும் வேறொருவனிடம்.

தீயவனுக்குக் கதையில் கிடைக்க வேண்டியது என்ன, நாம் அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற விவாதத்தை இந்த நாவல் அவ்வளவு தூரம் கொண்டுபோய் வைத்திருக்கிறது. எதிர்க்க நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும், நானும் வருகிறேன்.